நிலவில் ஒரு கட்டைபறிச்சான்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. சமாதானம், சமாதானம் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லைக் களைக்கப்பண்ணிவிட்ட காலம். திருகோணமலை நகரத்தில், உள்துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு ஒழுங்கையில், சின்னதொரு கம்பியூட்டர் வகுப்பில் நான் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூருக்குக் கிட்ட உள்ள கட்டைபறிச்சான். அப்பா நான் படிக்கும்போதே இறந்துபோனார். அம்மாவும் தங்கையும் ஊரில் இருந்தார்கள். நான் நகரத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூதூர் போகும் படகான லோஞ்சில் ஏறினால், குடாவைக் கடந்து இறங்கி, பொழுதுபடுவதற்குள் அம்மாவின் கையால் சோறு சாப்பிடலாம். திங்கட்கிழமை காலை அதே லோஞ்சில் திரும்பிவிடலாம். என் வாழ்க்கை அந்த லோஞ்சின் இரண்டு முனைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது.

வகுப்பை நடத்தியவர் மூதூர் முஸ்லிம். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார், ஆனால் ஒரு நாளும் 'நீங்கள்' என்பதை விட்டு இறங்கமாட்டார். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, பழுதான எந்தப் பொருளையும் எறியமாட்டார். அலுமாரி நிறையப் பழைய சீடிகள். ஒருநாள் அதைத் துப்புரவாக்கும்போதுதான் அந்த சீடி என் கையில் அகப்பட்டது. ஏதோ வெளிநாட்டுச் சஞ்சிகையோடு இலவசமாக ஒட்டி வந்தது. போட்டுப் பார்த்தேன். விண்கலம் ஓட்டும் சிமுலேட்டர்.

விளையாட்டு என்று சொன்னால் அதைச் செய்தவர்களுக்குக் கோபம் வரும். அதில் சுடுவதற்கு ஒன்றும் இல்லை, வெற்றி தோல்வி இல்லை. உண்மையான கணக்குப்படி ஒரு விண்கலத்தை மேலே ஏற்றி, பூமியைச் சுற்றவிட்டு, வேண்டுமானால் நிலவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து இறக்கலாம். அவ்வளவுதான். ஆரம்பத்தில் நான் ஏற்றியதெல்லாம் கடலில் போய் விழுந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு மாதம் அடித்த பிறகு ஒரு கலம் விழாமல் சுற்றத் தொடங்கியது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாமல், டைப்பிங் பழக வந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தோடம்பழ இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவும் இல்லை.

சுற்றத் தொடங்கியதும் நான் தேடியது வேறென்ன? இலங்கையைத்தான். கலம் ஒவ்வொரு சுற்றுச் சுற்றி வரும்போதும் இந்து சமுத்திரத்தில் ஒரு பச்சைப் பொட்டு வரும், ஊரைத் தேட முதல் போய்விடும். அந்தப் பொட்டில் திருகோணமலைக் குடாவும் இல்லை, கொட்டியாரமும் இல்லை. எவ்வளவு கிட்டப் போனாலும் பச்சையாகக் கலங்கிப்போன ஒரு சாயம். உலகத்தையே செய்தவர்கள் எங்கள் ஊரை விட்டுவிட்டார்களே என்று எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

ஆனால் அந்த சிமுலேட்டரில் ஒரு விசேஷம் இருந்தது. அதில் இல்லாததை நாங்களே செய்து சேர்க்கலாம். அட்-ஓன் என்பார்கள். புதுக் கலங்கள், இறங்குதளங்கள், கட்டடங்கள், தரையின் படங்கள், எது வேண்டுமென்றாலும் சேர்க்கலாம். உலகம் முழுவதும் இப்படி விசர் பிடித்தவர்கள் நெட்டில் ஓர் இடத்தில் கூடி, தாங்கள் செய்ததை ஆளுக்காள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செவ்வாயில் நகரம் கட்டுவார், இன்னொருவர் வியாழனுக்குப் போகக் கப்பல் செய்வார். நான் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். நான் செய்தது மூதூர் லோஞ்ச்.

சிரிக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மரப்பலகை இருக்கை, மேலே தகரக் கூரை, பக்கத்தில் தொங்கும் பழைய டயர், எல்லாம் உள்ள ஒரு லோஞ்ச். அடியில் மட்டும் விண்கலத்தின் எஞ்சின். திருகோணமலைப் படகுத்துறை ஜெட்டியில் இருந்து எழும்பி, குடாவுக்கு மேலால் பறந்து, மூதூர் ஜெட்டியில் போய் இறங்கும். எங்களுடைய லோஞ்ச் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும் தூரத்தை இது ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் கடந்துவிடும்.

சிரித்தவர்களில் ஒருவர் மட்டும் எனக்கு எழுதினார். 'உதவி செய்யட்டுமா' என்று கேட்டார். வட துருவத்துக்குக் கிட்ட உள்ள ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். ஆணா பெண்ணா, இளமையா முதுமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருடைய இங்கிலீசும் என்னுடையதைப் போலவே நொண்டிக்கொண்டு வந்ததால் எங்கள் இருவருக்கும் வெட்கம் இருக்கவில்லை. நான் தரையின் படங்களைச் செய்வேன். அவர் மரங்களையும் கட்டடங்களையும் செய்து அனுப்புவார். அவர் முதலில் அனுப்பிய தென்னை மரத்தைப் பார்த்து நான் வயிறு நோகச் சிரித்தேன். அடியில் அகன்று மேலே கூம்பி, பனி நாட்டு மரத்தில் இளநீர் காய்த்த மாதிரி. தென்னைக்குக் கிளை இல்லை, அது வளைந்து நிற்கும், ஓலை தொங்கும் என்று நான் எழுத, அவர் அதற்கு ஏற்றமாதிரித் திருத்த, மூன்றாம் தரம் வந்தது எங்களூர்த் தென்னை. பின்னிய தென்னோலையால் அடைக்கும் கிடுகு வேலியை விளங்கப்படுத்தத்தான் ஒரு கிழமை போனது.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. அந்த சிமுலேட்டருக்குக் கடல் தெரியாது. அதில் தண்ணீர் என்றால் நீல நிறம் பூசின சீமெந்துத் தரைதான். லோஞ்ச் கடலில் இறங்கினால் அசையாமல் கல்லு மாதிரி நிற்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை. லோஞ்ச் என்றால் ஆடவேண்டாமா? அந்த மனிதர் அதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். முதல் தரம் போட்டதும் லோஞ்ச் பேயாட்டம் ஆடியது. இப்படி ஆடினால் சனம் வாந்தி எடுக்கும் என்று எழுதினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒருநாள், காற்றில்லாத காலைப்பொழுதில் ஜெட்டியில் கட்டியிருக்கும் லோஞ்ச் எப்படி ஆடுமோ அப்படி ஆடியது. நான் கண்ணை மூடி, பலகையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

பிறகு வீடு. வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று சொன்னவர்கள் கம்பியூட்டரில் வீடு கட்டிப் பார்த்திருக்கமாட்டார்கள். எங்கள் வீடு ஒன்றும் மாளிகை இல்லை. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் தனியாகக் குசினி, கிணறு, மாடு தண்ணீர் குடிக்கிற சீமெந்துத் தொட்டி, வேலியோரம் முருங்கை, வேலிக்கு வாசலாக ஒரு படலை. ஒவ்வொரு திங்களும் ஊரால் வந்து, நினைவு ஆறுமுன் ஒன்றொன்றாகக் கீறி அனுப்ப, அவர் கட்டித் தர, நான் எடுத்து வைத்தேன். முற்றத்தில் ஒரு இறங்குதளமும் போட்டேன். குசினிச் சுவரில் புகை பட்ட கறுப்பைக்கூட விடவில்லை.

நான் அதைச் செய்து முடிக்கவும் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் மறுபடி சண்டை தொடங்கவும் சரியாக இருந்தது. முதலில் லோஞ்ச் நின்றது. பிறகு தொலைபேசி நின்றது. பிறகு குடாவுக்கு அந்தப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. மூதூர் முஸ்லிம் சனம் நடந்தும் லொறியிலும் கந்தளாய்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நானாவின் அக்கா குடும்பமும் அதில். எங்கள் ஊர்ச் சனம் மற்றப் பக்கம், வாகரைப் பக்கம் போனதாக ஆட்கள் சொன்னார்கள். அம்மா போனாரா, தங்கை போனாளா, எந்த வழியால் போனார்கள், ஒன்றும் தெரியாது. நகரத்தில் உள்ள உவர்மலையில் ஏறி நின்றால் அந்தப் பக்கக் கரை ஒரு கறுத்த கோடாகத் தெரியும். அதில் எங்கேயாவது புகை தெரிந்தால் எங்கள் ஊராக இருக்குமோ என்று கணக்குப் போடுவேன். கண்ணுக்குத் தெரிகிற ஊருக்குப் போக ஏலாமல் இருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. தூர தேசத்தில் இருந்தால் தூரம் என்று மனம் ஆறும்.

வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். பின்னேரங்களில் நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, லோஞ்சை எழுப்பி, குடாவைத் தாண்டிப்போய் எங்கள் முற்றத்தில் இறக்குவேன். இறக்கிவிட்டுச் சும்மா இருப்பேன். அங்கே ஒருவரும் இல்லை. அந்த சிமுலேட்டரில் மனிதர்களைச் செய்ய வழி இல்லை. ஆனாலும் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால், இப்போது அம்மா அகப்பையோடு வெளியில் வருவார் என்றுதான் இருக்கும். அழுதிருக்கிறேன், ஒளிப்பானேன்.

ஒருநாள் நானா பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அதுவரை நான் ஏதோ ரொக்கட் விடுகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார். லோஞ்சைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இது நம்மட லோஞ்ச் இல்லையா தங்கச்சி? ஒருக்கா மூதூருக்கு ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டிக் காட்டினேன். ஜெட்டி வந்ததும் அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் உற்சாகத்தில் லோஞ்சைத் திருப்பி, நகரத்துக்குக் கொண்டுவந்தேன். உள்துறைமுகம் முழுவதும் விரிந்தது. கடற்படைக் கப்பல் கட்டும் இடம், இறங்குதுறைகள், சீனன்குடாப் பக்கம் வெள்ளை வெள்ளையாக எண்ணெய்த் தாங்கிகள். எல்லாம் செய்மதிப் படத்தைப் பார்த்து நான் அச்சொட்டாக வைத்தவை. ஒரு துறைமுகத்தைச் செய்கிறவள் பாதியை விட்டுவிட்டா செய்வாள்?

நானாவின் முகம் வெளிறிப்போனது. ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"என்ன வேலை செஞ்சு வச்சிருக்கிறீங்க? துறைமுகப் பக்கம் கையைக் காட்டிக் கதைக்கவே பயந்துபோய்த் திரியிறம். நீங்க அத முழுசாக் கீறி வச்சிருக்கிறீங்களே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருகோணமலையில் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். பஸ்ஸில் போகும்போது துறைமுகப் பக்கம் உற்றுப் பார்க்கக்கூடாது. விருந்தாளி வந்தால் விரலால் காட்டக்கூடாது. கலியாண வீட்டுப் படம் எடுத்தாலும் பின்னால் துறைமுகம் விழாமல் எடுக்கவேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தபோது அது துறைமுகம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வீட்டுக்குப் போகிற வழி என்றுதான் நினைத்திருந்தேன். இன்னும் மோசம், திரும்பி வருகிற பயணத்தையும் எழுதி வைத்திருந்தேன். கட்டைபறிச்சானில் இருந்து ஒன்று பறந்து வந்து துறைமுகத்தில் இறங்குகிற பாதை. அந்த நாளில் அதை ஒரு சீருடைக்காரர் கண்டால் தாக்குதல் திட்டம் என்றல்லாமல் வேறென்ன நினைப்பார்? வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதைதான். என் மடியில் மட்டுமா, நானாவின் மடியிலும். அவருக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள்.

"அழிச்சிடுங்க தங்கச்சி. ஒண்டும் மிச்சம் வைக்காதீங்க. நாளைக்கு ரவுண்டப் வந்தா நம்மள ரெண்டு பேரையும் கொண்டு போயிருவாங்க."

துறைமுகத்தை மட்டும் அழித்து வீட்டை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஏலாது. எல்லாம் ஒரே படம், ஒரே தொகுதி. அதோடு வீடு இருந்தது குடாவின் அந்தப் பக்கம், அச்சொட்டான இடத்தில், முற்றத்தில் இறங்குதளத்தோடு. அது துறைமுகத்தைவிட மோசம். அழிக்கவா என்று கம்பியூட்டர் கேட்டது. நானா பக்கத்தில் நின்றார். ஓம் என்று அழுத்தினேன். முருங்கையும் கிணறும் குசினிக் கறுப்பும் ஒரு நொடியில் போயின. சீடியில் வைத்திருந்த பிரதியை நானா இரண்டாக முறித்தார். முறித்துவிட்டு, "குறை நினைக்காதீங்க" என்றார். நான் குறை நினைக்கவில்லை. ஆனால் அன்று அறைக்குப் போய்ப் படுத்தபோது, அம்மாவை நானே வீட்டை விட்டு எழுப்பிய மாதிரி இருந்தது.

நெட்டில் இருந்ததையும் எடுக்கவேண்டுமே. அந்தக் குளிர் நாட்டு மனிதருக்கு எழுதினேன். எங்கள் அட்-ஓனை உடனே எடுத்துவிடுங்கள், உங்களிடம் உள்ள துறைமுகத்தையும் அழித்துவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள் என்று. மாதக்கணக்கில் இருவரும் சேர்ந்து பாடுபட்ட வேலை. அவருக்குக் கோபம் வந்தாலும் நியாயம்தான். அன்றே எடுத்துவிட்டார். காரணம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உள்ள ஒரு சிநேகமும் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஒரு கிழமை கழித்து அவரிடம் இருந்து ஒரு சின்னத் தொகுதி வந்தது. கடிதத்தில் என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி, வேறொன்றும் இல்லை. பயந்து பயந்து போட்டேன். திரையில் வந்தது நிலவு. சாம்பல் நிறத் தரை, கறுத்த வானம். அவர் சொன்னபடி ஒரு மேடு தாண்டிக் கிட்டப் போனேன். ஒரு தென்னை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் கிடுகு வேலி. வேலிக்கு உள்ளே எங்கள் வீடு.

ஊர்கோலம் போன மாதிரி எல்லாம் வந்திருந்தன. கிணறு, தொட்டி, முருங்கை, குசினி. துறைமுகம் இல்லை, தாங்கிகள் இல்லை, குடா இல்லை, மூதூர் இல்லை. அவரிடம் இருந்த பாகங்களில் இருந்து எங்கள் வீட்டை மட்டும் பிரித்தெடுத்து, பூமியில் இருந்த இடத்தை மாற்றி, நிலவில் கொண்டுபோய் வைத்திருந்தார். அந்த சிமுலேட்டருக்குள் அது சின்ன வேலைதான். எந்தக் கிரகம், எந்த இடம் என்று எழுதியிருக்கும் இரண்டு வரியை மாற்றினால் போதும். ஆனால் அதை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது. ஓரத்தில் ஜெட்டியும் இருந்தது. தண்ணீர் இல்லாத தூசியில் லோஞ்ச் நின்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தொகுதிக்குள் ஒரு குறிப்பும் வைத்திருந்தார்: 'உங்கள் நாட்டுச் செய்தி பார்த்தேன். இங்கே ஒருவரும் தேடி வரமாட்டார்கள். கடல் கொண்டுவர முடியவில்லை, மன்னிக்கவும்.'

நான் வாய்விட்டு அழுதேன். நானா ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நிலாவுக்கெண்டா பிரச்சினை இல்ல. இருக்கட்டும்" என்றார்.

சுற்றிவளைப்பு அந்த மாதமே வந்தது. காலையில் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சீருடைக்காரர்கள் நின்றார்கள். வீடு வீடாக, கடை கடையாகப் பார்த்து வந்தார்கள். வகுப்புக்குள் வந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். கம்பியூட்டர் நன்றாகத் தெரிந்தவர். கதிரையில் இருந்து ஒவ்வொரு கம்பியூட்டராகத் திறந்து பார்த்தார். என்னுடையதில் அந்த சிமுலேட்டரின் படத்தைக் கண்டதும் அழுத்தினார். நானா சுவரோடு ஒட்டிப்போய் நின்றார்.

நிலவு வந்தது. தென்னை மரம் வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ், நிலாவில தென்னை?" அவருடைய தமிழ் அவ்வளவுதான்.

"விளையாட்டு, சேர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். லோஞ்சை எழுப்பிப் பார்த்தார், அது சரிந்து விழுந்தது. மறுபடி எழுப்பினார். பிறகு பூமியைக் காட்டச் சொன்னார். பூமியைக் கொண்டுவந்தேன். "லங்கா?" என்று கேட்டார். விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் கிட்டப்போனார், இன்னும் கிட்டப்போனார். அந்தப் பழைய பச்சைச் சாயம் கலங்கிக்கொண்டு பெரிதானது. ஒரு குடா இல்லை, ஒரு துறை இல்லை. முன்னர் எனக்குக் கோபம் வரப்பண்ணிய அதே வெறுமை அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது. "இவ்வளவு சின்னதா" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார். அவர் படலை தாண்டும்வரை பொறுத்திருந்த நானா, அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

அம்மாவும் தங்கையும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியவர அடுத்த வருடமாகிவிட்டது. வாகரையில் இருந்து காட்டு வழியாலும் கடல் வழியாலும் வந்து, மட்டக்களப்புப் பக்கம் ஒரு முகாமில் இருந்தார்கள். எங்கள் ஊருக்குத் திரும்பிப் போக அப்போதும் விடவில்லை. அம்மா என்னைப் பார்க்க பஸ்ஸில் நகரத்துக்கு வந்தார். மெலிந்துபோய், கழுத்து எலும்பு தெரிய வந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தபோது எனக்குக் கைக்குள் ஆளே இல்லாதமாதிரி இருந்தது. தங்கை எப்படி என்று கேட்டேன். இருக்கிறாள் என்றார். வீட்டைப் பற்றி அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த நாள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்து, நானாவின் கதிரையில் இருத்தி, ஒன்றும் சொல்லாமல் அதைத் திறந்தேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எங்கட வீடெல்லே! ஏன் பிள்ளை வானம் கறுத்துக் கிடக்கு?"

"இது நிலாவில இருக்கம்மா."

ஏன், எதற்கு என்று பெரிய கதை சொல்ல நான் ஆயத்தமாக இருந்தேன். அம்மா கேட்கவில்லை. இத்தனை இடத்துக்கு மாறி மாறி எழும்பி ஓடிய மனுசிக்கு வீடு நிலவுக்குப் போனது ஒரு அதிசயமாகப் படவில்லை போலும். திரைக்குக் கிட்ட வந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். குசினியைக் கண்டதும் சிரித்தார். "சுவர்க் கறுப்பையும் காட்டி என்ர மானத்த வாங்கிப்போட்டாய்." கனகாலத்துக்குப் பிறகு அம்மாவின் சிரிப்பைக் கேட்டேன். நான் கமராவைத் திருப்பி வீட்டின் முன்பக்கம் கொண்டுவந்தேன். அம்மாவின் முகம் மாறியது.

"ஏன் படலையைச் சாத்தி வச்சிருக்கிறாய்?"

வேலியும் படலையும் ஒரே துண்டாகச் செய்தது, திறந்து மூட வராது என்று சொன்னேன். அம்மா தலையை ஆட்டினார்.

"நாங்க வரக்குள்ள சாத்தேல்ல பிள்ளை. ஷெல் விழுந்துகொண்டிருக்கு, சனம் றோட்டால போகுது, பின்னாலயும் வரும். தண்ணி விடாய்க்கும் எல்லே. நான் தொட்டி நிறைய அள்ளி ஊத்தி, வாளியக் கிணத்தடியில வச்சு, படலையத் திறந்து கல்லு முண்டு குடுத்துப்போட்டுத்தான் வந்தனான். உன்ர தங்கச்சி வா வா எண்டு கத்துறாள். அள்ளி முடியாம என்னெண்டு வாறது?"

அந்த வீட்டை விட்டு அம்மா எப்படி வெளிக்கிட்டார் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். அத்தனை பின்னேரங்கள் அந்த முற்றத்தில் போய் இறங்கியிருக்கிறேன். பூட்டிய வீடு ஒன்றில்தான் இறங்கியிருக்கிறேன். குண்டு விழும்போது தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவை எனக்குத் தெரியாது.

அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினேன். வேலியில் இருந்து படலையைப் பிரித்தெடுக்க அன்றைய பின்னேரம் முழுவதும் போனது. அந்தக் குளிர் நாட்டு மனிதர் செய்ததை நானே வெட்டிப் பழகிய முதல் நாள் அது. தொட்டிக்கு ஒரு நீலம் பூசினேன். அம்மா 'இன்னும் கொஞ்சம் நிறைய' என்றார். வாளி வைத்தேன். படலையை உள்பக்கம் திருப்பி விட்டு, கல்லு ஒன்றும் வைத்தேன். "ஓம், இப்ப சரி" என்று அம்மா கதிரையில் சாய்ந்துகொண்டார். அதை அந்த மனிதருக்கு அனுப்பி, வேறு எவருக்கும் வேண்டுமானால் கொடுங்கள் என்று எழுதினேன். அவர் அதை எல்லோருக்கும் பொதுவில் போட்டார்.

நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது கூரையும் கதவும் இல்லை, கிணறு தூர்ந்துபோயிருந்தது, வேலி இருந்த இடம் பற்றை. இப்போது அதே வளவில் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீடு. அம்மா அதில் பத்து வருடம் இருந்து போய்ச் சேர்ந்தார். லோஞ்சும் அவ்வளவாக ஓடுவதில்லை, பாலம் வந்துவிட்டது. நான் நினைத்த நேரம் ஊருக்குப் போய் வருகிறேன். போனாலும் அந்த வீட்டுக்கான ஏக்கம் தீர்வதில்லை. எப்போதாவது அந்தப் பழைய சிமுலேட்டரைத் திறந்து பார்க்கிறேன். நெட்டிலும் தேடிப் பார்ப்பதுண்டு. எந்த எந்த நாட்டுக்காரர்களோ தங்கள் கலங்களை எங்கள் முற்றத்தில் இறக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். நிலவில் ஏன் ஒரு தென்னையும் மாட்டுத் தொட்டியும் என்று ஒருவருக்கொருவர் கேட்டுச் சிரிக்கிறார்கள். அம்மா உண்மையில் திறந்துவைத்துவிட்டு வந்த அந்தப் படலைக்குள், பின்னால் வந்த சனத்தில் ஒருவராவது நுழைந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாரா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது; குடித்திருக்கவேண்டும் என்று அந்த ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது நான் ஆசைப்படுகிறேன்.